வாய்க்கு வந்த மருந்தும் காலடி மண்ணும்

ரப்பர்க் காட்டு நிழல் மரம் சீவுகிறவருக்கு எவ்வளவு இதமோ, கொக்கிப்புழுவின் குஞ்சுக்கும் அவ்வளவு இதம். வெயில் நேராக விழாத ஈர மண், உதிர்ந்து மக்கும் இலை, ஆண்டு முழுவதும் மாறாத வெப்பம், அடிக்கடி மழை. மலத்தோடு மண்ணில் விழுந்த முட்டை ஓரிரு நாளில் பொரித்துவிடும். ஐந்து முதல் பத்து நாளுக்குள் அந்தப் புழு மனிதத் தோலைத் துளைக்கும் பருவத்தை எட்டி, மண்ணின் மேல்பரப்பில் மூன்று நான்கு வாரம் வரை காத்துக் கிடக்கும். இருட்டு விலகுமுன் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு நிரைக்குள் நுழைந்து மரத்துக்கு மரம் நடக்கிறவர் அந்த மண்ணை ஒரு காலைப் பொழுதில் எத்தனை நூறு முறை மிதிப்பார்! சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், லுனாஸ், கோல கெட்டில் என்று தென்கெடா முழுக்க விரிந்து கிடந்த தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் நடந்தது அந்த மண்ணில்தான்.

வயிற்றுப்பூச்சி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தோட்டத்து மக்களை வாட்டியது ஒரே புழு அல்ல. உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் மண்ணிலிருந்து கை வழியாக வாய்க்குப் போகிறவை. பிள்ளைகளின் வயிறு ஊதி, கை கால் மெலிந்து, தின்றது உடம்பில் ஒட்டாமல் போவதற்கு அவை காரணம். கொக்கிப்புழுவின் வழி வேறு. காலைத் துளைத்து இரத்தத்தில் ஏறி, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொள்ளும். தென்னிந்தியர்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட நெக்காட்டர் வகைப் புழு ஒன்றால் ஒரு நாளில் போகும் இரத்தம் சுமார் 0.03 மில்லிலிட்டர். ஒரு சொட்டுக்கூட இல்லை. நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலிட்டர், ஆண்டுக்கு ஒரு லிட்டருக்கு மேல். சோறும் கருவாடும் புளித்தண்ணியுமாக வாழ்ந்த உடம்பு இவ்வளவு இரத்தத்துக்கு இரும்புச்சத்தை எங்கிருந்து கொண்டுவரும்? மலேரியாவும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். கண் வெளிறி, பாதம் வீங்கி, பால் வாளியைத் தூக்கி நாலு அடி வைத்தால் மூச்சு வாங்கும். அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெறுங்காலோடு திரிந்த ஏழை வெள்ளையர்களின் குடலில் இதே புழுவை 1902-இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் கண்டறிந்து அறிவித்தபோது, அங்குள்ள செய்தித்தாள்களும் அதைச் சோம்பலின் கிருமி என்றே எழுதின. இரத்தம் வற்றியவனைச் சோம்பேறி என்று சொல்லும் வழக்கத்துக்கு நிறமும் தேசமும் கிடையாது.

இந்தப் புழுவைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறே உழைப்பாளிகளின் வரலாறுதான். மிலான் நகரத்து மருத்துவர் ஆஞ்செலோ துபினி 1838-இல் ஓர் உழவர் குடும்பத்துப் பெண்ணின் பிணத்தை அறுத்தபோது இதை முதலில் கண்டார். நாற்பது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து செயின்ட் காட்ஹார்ட் ரயில் சுரங்கம் தோண்டிய இத்தாலியத் தொழிலாளர்கள் 1880 வாக்கில் கூட்டங்கூட்டமாகச் சோகை பிடித்து விழுந்தபிறகுதான் ஐரோப்பா விழித்தது. இருட்டு, ஈரம், வெப்பம், ஒதுங்க இடமின்மை: ரப்பர்க் காட்டில் இருந்தவை எல்லாம் அந்தச் சுரங்கத்தில் இருந்தன. புழு தோலைத் துளைத்து நுழைகிறது என்ற உண்மையை 1898-இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் கண்டுபிடித்தார். ஆய்வுக்கு வைத்திருந்த நீர் தற்செயலாகக் கையில் சிந்த, அந்த இடம் சிவந்து அரிக்க, சில வாரம் கழித்துத் தன் மலத்திலேயே முட்டையைக் கண்டார். ஆக, கெடாவில் ரப்பர் தோட்டங்கள் மளமளவென்று திறக்கப்பட்ட காலத்துக்கு முன்பே நோய் எப்படி வருகிறது என்பது தெரிந்துபோயிருந்தது. காலுக்குச் செருப்பும் மலத்துக்கு ஒரு மூடிய குழியும் இருந்தால் அது வராது என்பதும் தெரிந்திருந்தது. 1909-இல் பாங்காக் ஒப்பந்தத்தின்படி சயாமிடமிருந்து கெடா பிரிட்டிஷார் கைக்கு மாறியபோது இதில் மர்மம் எதுவும் மிச்சமிருக்கவில்லை. அதற்குப் பின்னால் நடந்ததை மதிப்பிடும்போது இதை நாம் மறக்கக் கூடாது.

முதலில் வந்த மருந்து தைமால். காட்ஹார்ட் சோகையின் காலத்தில் டுரினைச் சேர்ந்த கமில்லோ போஸ்ஸோலோ அதைப் பயன்படுத்திக் காட்டினார். தைமால் எதிலிருந்து எடுக்கப்பட்டது? பெரும்பாலும் ஓமத்திலிருந்து. பிள்ளைக்கு வயிறு பொருமினால் நம் வீட்டுப் பெண்கள் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொடுக்கும் அதே ஓமம். முதல் உலகப்போருக்கு முன்பு இந்தியாவில் விளைந்த ஓமம் ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமாலாகி, மருந்துப்புட்டியில் உலகம் சுற்றியது. போர் மூண்டதும் வரத்து நின்று விலை எகிறியது. விளைந்த மண்ணிலேயே சத்து எடுக்கும் வேலை அதன் பிறகே சூடு பிடித்தது. ஓமத் தண்ணீர் கொக்கிப்புழுவைக் கொன்றது என்று நான் சொல்லவரவில்லை. அந்த அளவு சத்து அதில் இறங்காது. வேப்பங்கொழுந்து, வாய்விடங்கம், பப்பாளி விதை என்று நம்மவர்கள் கையாண்டவற்றில் மருந்துக் குணம் உள்ளவை உண்டு. ஆனால் குடல் சுவரைக் கவ்விய புழுவைப் பிடுங்கி எறிய அளந்த மருந்து வேண்டியிருந்தது. அந்த அளந்த மருந்தோ கடுமையானது. முதல் நாள் பட்டினி, இரவில் பேதி உப்பு, காலையில் தைமால், மறுபடியும் பேதி உப்பு. அன்று எண்ணெய்ப் பண்டம் கூடாது, சாராயம் கூடாது. அவற்றில் தைமால் கரைந்து இரத்தத்தில் ஏறினால் புழுவுக்கு வைத்த நஞ்சு மனிதனுக்கே நஞ்சாகிவிடும். ஏற்கெனவே தளர்ந்த உடம்புக்கு இந்த வைத்தியமே ஒரு நோய்.

அப்படியிருந்தும் தோட்ட முதலாளிகள் மருந்தை விரும்பினார்கள். காரணம் கணக்கில் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து ஆளைக் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கி, ஜெரஜாக் தீவில் தடுப்புக்காவலில் வைத்து, கங்காணியின் கையில் ஒப்படைத்துத் தோட்டத்துக்குக் கொண்டு வருவதற்குள் ஒரு தலைக்கு ஆகும் செலவு கொஞ்சமல்ல. அந்த ஆள் ஆறு மாதத்தில் சோகை பிடித்து லயத்தில் படுத்துவிட்டால் போட்ட பணம் போச்சு. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பன்னாட்டுச் சுகாதாரப் பிரிவு 1913-இல் தொடங்கியபோது கொக்கிப்புழுவையே முதல் இலக்காக எடுத்துக்கொண்டது. ஒரு சொட்டு மலத்தை நுண்ணோக்கியில் பார்த்து, ஒரு வேளை மருந்து கொடுத்து, சில வாரத்தில் முகம் தெளிவதைக் கண்ணால் காட்ட முடிகிற நோய் இது. 1915 முதல் 1917 வரை சாமுவேல் டார்லிங் தலைமையில் பார்பரும் ஹேக்கரும் சேர்ந்த ஒரு குழு மலாயா, ஜாவா, பிஜித் தீவுகள் ஆகியவற்றைச் சுற்றிவந்து தோட்டத் தொழிலாளர்களை ஆராய்ந்தது. அவர்கள் அறிக்கை 1920-இல் வெளிவந்தது. எத்தனை பேருக்குப் புழு இருக்கிறது என்று தலையெண்ணுவதைவிட ஒவ்வொருவர் குடலிலும் எத்தனை புழு இருக்கிறது என்று எண்ணுவதே முக்கியம் என்பது டார்லிங் வற்புறுத்திய பாடம். மருந்து கொடுத்து, வெளியேறும் புழுக்களைச் சல்லடையில் அரித்து, ஒன்று ஒன்றாக எண்ணினார்கள்.

அந்தப் பாடத்துக்கு நம் மக்கள் வரலாற்றில் தனி அழுத்தம் உண்டு. புழு இந்தியாவிலிருந்து கூலிகளோடு வந்தது என்பது தோட்ட நிர்வாகங்கள் அடிக்கடி சொன்ன பேச்சு. வந்தது உண்மைதான், தென்னிந்திய நாட்டுப்புறத்தில் அது பரவலாகவே இருந்தது. ஆனால் 1920-களில் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியிலிருந்து இந்தியா முழுவதையும் ஆராய்ந்த ஆசா சாண்ட்லர், இந்தியாவின் பெரும்பகுதியில் தொற்று பரவலாக இருந்தாலும் ஒவ்வொருவர் உடலிலும் புழுச்சுமை குறைவாகவே இருப்பதைக் கண்டார். காய்ந்த நிலமும் நீண்ட வெயில் காலமும் அங்கே மனிதனுக்குக் காவல். நிழலும் ஈரமும் நெரிசலும் ஒன்றுசேர்ந்த தோட்டத்திலோ சுமை ஏறியது. பத்துக் காம்பராவுக்குக் கக்கூஸ் ஒன்றிரண்டு. அதுவும் நாறிக் கிடக்கும். இருட்டினால் பெண்கள் போக முடியாது. அவர்கள் காட்டுக்குள் ஒதுங்கினார்கள். காலையில் அதே காட்டில் மரம் சீவினார்கள். வந்த புழுவைப் பெருக்கியது மக்களின் பழக்கம் என்று எழுதிவைத்தார்கள். பெருக்கியது அந்த ஏற்பாடு.

மருந்து மட்டும் மாறிக்கொண்டே வந்தது. பினாங்குக்கு எதிர்க்கரையில், சுமத்ராவின் டெலி புகையிலைத் தோட்டங்களில் வேலை செய்த டாக்டர் ஷூஃப்னர் கினப்போடியம் எண்ணெயைக் கொக்கிப்புழுவுக்கு எதிராக நிலைநாட்டினார். டார்லிங் குழு அதற்கே முதலிடம் கொடுத்தது. அளவு கொஞ்சம் கூடினால் காது அடைத்து, தலை சுற்றி, சிலர் செத்தே போனார்கள். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். 1921-இல் அமெரிக்கக் கால்நடைத் துறையின் மாரிஸ் ஹால் கார்பன் டெட்ராகுளோரைடை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு தானே குடித்தும் பார்த்தார். ஒரே வேளை, 3 மில்லிலிட்டர், விலையோ அற்பம். தோட்டங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கல்லீரலைக் கெடுக்குமா என்று அறிய மணிலாவிலும் இலங்கையிலும் தூக்குத்தண்டனைக் கைதிகளுக்குக் கொடுத்து, தூக்கிலிட்டபின் அறுத்துப் பார்த்தார்கள். பிஜியிலும் தென்கடல் தீவுகளிலும் டாக்டர் லாம்பர்ட் 1922-க்குள்ளாகவே 20,000 பேருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்; பிஜியின் கரும்புத் தோட்டங்களில் நம்மவர்களும் இருந்தார்கள். நாலு ஆண்டில், 1925-இல், அதைவிடத் தீங்கு குறைந்த டெட்ராகுளோரோஎத்திலீனையும் ஹாலே கண்டுபிடித்தார். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு ஏழை நாடுகளின் கொக்கிப்புழு மருந்து அதுவாக இருந்தது.

கார்பன் டெட்ராகுளோரைடும் கள்ளும் சேரவே கூடாது. குடிப்பழக்கம் உள்ளவனின் கல்லீரலை அது தின்றுவிடும். லாம்பர்ட் கண்ட சாவுகளிலும் குடிகாரர்கள் இருந்தார்கள். அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை நடந்தது நிர்வாகத்தின் வேலிக்குள், நிர்வாகத்தின் ஏற்பாட்டில்தான். சம்பளத்தில் ஒரு பங்கு அந்தக் கடைக்கே திரும்பிப் போனது. ஒரே தோட்டத்தில் ஒரு மூலையில் புழு மருந்தைக் கொடுத்து இன்று குடிக்காதே என்பார்கள். மறு மூலையில் கள்ளை ஊற்றிக் கொடுப்பார்கள். பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து, கெடாத் தோட்டங்களின் கள்ளுக்கடைகளை மூடச்சொல்லி 1946-47-இல் போராடியபோது, அதை அரசியல் கலகம் என்று போலீசை விட்டு அடக்கினார்கள். அந்த இளைஞர்கள் கேட்டது உடம்பைக் காக்கும் உரிமை. மருத்துவத் துறையே கேட்டிருக்க வேண்டிய ஒன்றை மரம் சீவுகிறவர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் கேட்டார்கள். கெடாவின் பொதுச் சுகாதார வரலாற்றை யாராவது முழுமையாக எழுதினால் தொண்டர் படைக்கு அதில் ஓர் அத்தியாயம் வேண்டும்.

அதற்கு முன்னால் போர்க்காலம். சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். 1943-இல் ஜப்பானியர் கெடாவைச் சயாமுக்குக் கொடுத்தார்கள். மருந்துப் பெட்டி காலியானது, அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. முப்பது ஆண்டு மருந்தூட்டலால் கிடைத்த பலன் எவ்வளவு மெல்லியது என்பதை அந்த மூன்றரை ஆண்டுகள் காட்டின. மருந்து நின்றதும் மண்ணில் இருந்தது மறுபடி உடம்புக்கு ஏறிவிடும். மண்ணை யாரும் மாற்றியிருக்கவில்லை.

இதை ராக்ஃபெல்லர் ஆட்களே வெகு முன்னதாகக் கண்டிருந்தார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 1916 வாக்கில் அவர்கள் வேலை தொடங்கியபோது, மருந்து கொடுத்துச் சில மாதங்களிலேயே தொற்று திரும்புவதைப் பார்த்தார்கள். கழிப்பறை கட்டுங்கள் என்று கேட்டார்கள். தோட்ட முதலாளிகள் செலவைச் சொல்லித் தட்டிக் கழித்தார்கள். கூலிக்குக் கழிப்பறை கட்டினால் அதில் போகமாட்டான் என்றும் சொன்னார்கள். அங்கே கடைசியில் நடந்தது என்ன? இலங்கைக்குப் போகிறவர்களுக்குப் புறப்படும் கரையிலுள்ள மண்டபம் முகாமிலேயே புழு மருந்து ஊட்டிக் கப்பலேற்றும் ஏற்பாடு வந்தது. மனிதனைச் சுத்தம் செய்து அழுக்கு மண்ணில் இறக்கிவிடுவது. மலாயாவிலும் சிந்தனை அதே தடத்தில்தான் ஓடியது. மருந்து மலிவு; பத்து நிமிடத்தில் ஒரு லயத்து ஆட்களை வரிசையில் நிறுத்திக் கொடுத்து முடிக்கலாம்; கொடுத்ததைப் பதிவேட்டில் எழுதலாம். கக்கூஸ் கட்டினால் தண்ணீர் வேண்டும், துப்புரவு செய்ய ஆள் வேண்டும், பத்தாண்டு கழித்தும் பழுது பார்க்க வேண்டும். அது கம்பெனியின் லாபத்தில் ஆண்டுதோறும் விழும் வெட்டு. நூறாண்டு வரலாற்றை ஒரே வரியில் சொல்லச்சொன்னால் இப்படிச் சொல்வேன்: தொழிலாளியின் வாய்க்கு மருந்து வந்தது, அவன் காலடி மண்ணுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

இப்படிச் சொல்வதால் மருந்து கொடுத்தவர்களைக் குறைத்துப் பேசுவதாக ஆகக் கூடாது. தோட்டத்து டிரசர் ஒரு பெரிய ஆத்மா. அவர் டாக்டர் இல்லை. டாக்டரோ பல தோட்டங்களுக்கு ஒருவர், என்றாவது ஒரு நாள் வந்துபோகிறவர். பிரசவ வலி, பாம்புக்கடி, வெட்டுக்காயம், மலேரியா, வயிற்றுப்பூச்சி என்று எல்லாவற்றுக்கும் சனங்கள் ஓடியது அவருடைய வெள்ளைக் கட்டட மருந்தகத்துக்குத்தான். சோகையோடு பிள்ளை சுமந்த பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் புழு மருந்தும் கொடுத்து அவர் காப்பாற்றிய உயிர்களை எந்தப் பதிவேடும் எண்ணி முடிக்காது. டிரசர்களின் தொழிலுக்கு நாடு சட்டப்பூர்வமான பதிவு கொடுத்தது 1965-இல்தான். அறிவியல் பக்கத்திலும் நம்மவர் பங்கு உண்டு. ஏ. ஏ. சந்தோஷம் போன்ற ஒட்டுண்ணியியல் பேராசிரியர்கள் இந்த நாட்டுப் புழுக்களையும் மலேரியாவையும் ஆராய்ந்து ஒரு தலைமுறை மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

மருந்துகளும் நல்லவையாக மாறின. 1950-களில் உருளைப்புழுவுக்குப் பைப்பெரசின் பாகு. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கொக்கிப்புழுவுக்குப் பெஃபீனியம். குடலைப் புரட்டும் கசப்பு. 1960-களின் நடுவில் பைரான்டெல் வந்தது. கம்பான்ட்ரின் என்ற பெயரில் இன்றும் சுங்கைப்பட்டாணி மருந்துக்கடைகளில் கிடைப்பது அதுதான். புழுவின் தசையை மரத்துப்போகச் செய்து, பிடிப்பை விட வைத்து, மலத்தோடு தள்ளிவிடும். 1970-களின் தொடக்கத்தில் மெபென்டசோல், பிறகு ஆல்பென்டசோல். இவை புழு சர்க்கரைச் சத்தை உறிஞ்சுவதைத் தடுத்துப் பட்டினியால் சாகடிக்கின்றன. பட்டினி வேண்டாம், பேதி உப்பு வேண்டாம், விளக்கெண்ணெய் வேண்டாம். 400 மில்லிகிராமில் ஒரு மாத்திரை, சப்பித் தின்றால் போதும். ஆல்பென்டசோலும் ஆட்டுக்கும் மாட்டுக்குமென்று வந்து பிறகே மனிதருக்கு வந்த மருந்துதான். ஓமத்தில் தொடங்கிய நூறாண்டுப் பயணம் பிள்ளை விரும்பித் தின்னும் மாத்திரையில் வந்து நின்றது மகத்தான சாதனை. அதில் எனக்கு ஐயமே இல்லை.

1974 கெடாவுக்கு மறக்க முடியாத ஆண்டு. ரப்பர் விலை விழுந்து, அரிசி விலை ஏறி, பாலிங்கில் சிறுதோட்டக்கார விவசாயிகள் ஆயிரக்கணக்கில் பசி பசி என்று தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள்; வெட்டியது அதே மரம், விழுந்தது அதே விலை. அந்த ஆண்டுதான் மலேசிய அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் நாடு தழுவிய திட்டத்தைத் தொடங்கியது. ஒன்பது ஆண்டு நடந்து 1983-இல் அது நின்றுபோனது. 1970-களில் கிராமங்களுக்குச் சுத்தமான நீரும் தண்ணீர் ஊற்றும் கழிப்பறையும் கொண்டுபோகும் பாக்காஸ் திட்டமும் விரிந்தது. மலேசியக் கிராமத்தை மாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் தோட்டம் கிராமம் ஆகாது. அது தனியார் நிலம்; அங்கே வசிப்பவரின் வீடும் தண்ணீரும் கழிப்பறையும் முதலாளி பொறுப்பு. அரசின் கிராம வளர்ச்சிப் பணம் தோட்டத்து எல்லைக்கல்லில் நின்றுவிட்டது. 1966-இல் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச்சட்டம் வந்தது, 1990-இல் புதுப்பிக்கப்பட்டது. சட்டம் எழுதப்பட்ட பிறகும் லயங்கள் பல காலம் லயங்களாகவே கிடந்தன. 70-களிலும் 80-களிலும் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலாங்கூர் மாநிலத்துத் தோட்டங்களிலும் பள்ளிகளிலும் பிள்ளைகளின் மலத்தைச் சோதித்தபோது புழுத் தொற்று பரவலாகவே இருந்தது.

பிறகு எப்போது போனது? நம் குடும்பங்கள் தோட்டத்தைவிட்டுப் போனபோது. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது, தோட்டம் துண்டாடப்பட்டது, நிலம் வீட்டுமனையானது. தோட்டங்கள் சூழ்ந்திருந்த கூலிமில் 1996-இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் தொழிற்சாலைப் பேருந்து ஏறினார்கள். இழப்பீடு போதாமல், கோயிலையும் பள்ளியையும் எங்கே வைப்பது என்று தெரியாமல், வலியோடு நடந்த வெளியேற்றம் அது. ஆனாலும் மலிவு விலை அடுக்குமாடியில் வீட்டுக்குள்ளேயே ஒரு கழிப்பறை இருந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, தரை சிமென்ட், காலில் செருப்பு. எழுபது ஆண்டு மருந்து முடிக்காத வேலையை இவை ஒரு தலைமுறையில் முடித்தன. இதைத் தோட்டத்திலேயே செய்திருக்கலாம். செய்ய வேண்டும் என்று சட்டமும் இருந்தது, அறிவும் இருந்தது, லாபமும் இருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று நம் வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. தீங்கில்லை. ஆனால் மருந்து மிகவும் தேவைப்படுகிறவர்கள் கடைக்கு வருகிறவர்கள் இல்லை. நம் சனம் விட்டுவந்த தோட்டங்களில் இப்போது வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களும் வேலை செய்கிறார்கள். மலேசியாவிலுள்ள வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 388 பேரைச் சோதித்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், பத்தில் ஆறு பேருக்கு மேல் ஏதோ ஒரு குடல் ஒட்டுண்ணி இருந்தது. உருளைப்புழு மட்டும் 43 விழுக்காட்டினரிடம், கொக்கிப்புழு 13 விழுக்காட்டினரிடம். பகாங்கின் போஸ் பெத்தாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஆல்பென்டசோல் கொடுத்துக் கண்காணித்தபோது, மூன்றே மாதத்தில் பாதிப் பேருக்கும் ஆறு மாதத்தில் ஐந்தில் நான்கு பேருக்கும் புழு திரும்பியிருந்தது. கெடாவிலும் பூர்வகுடி மக்கள் உண்டு. பாலிங்கை அடுத்த லுபோக் லெகோங்கில் கென்சியு இனத்தார் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

உலக அளவில் சுமார் 150 கோடிப் பேருக்கு மண்வழிப் புழு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்காவது மருந்து போய்ச் சேர வேண்டும் என்று அது 2001-இல் இலக்கு வைத்தது. மருந்து நிறுவனங்கள் ஆண்டுக்குக் கோடிக்கணக்கான மாத்திரைகளை நன்கொடையாகத் தருகின்றன. இந்தியா 2015 முதல் பிப்ரவரி 10-ஐக் குடற்புழு நீக்க நாளாக நடத்துகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அன்று ஆல்பென்டசோல் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு மாத்திரை கொடுப்பதால் எடையும் படிப்பும் உயர்கின்றனவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு தீரவில்லை. கென்யாவில் பொருளியலாளர்கள் மிகுவேலும் கிரெமரும் கண்ட பலனை, பல சோதனைகளை ஒன்றுகூட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு ஏற்கவில்லை. இதில் என் கருத்து டார்லிங் சொன்னதோடு ஒத்துப்போகிறது. சுமை எங்கே கூடுதலோ அங்கே மருந்து உயிர்காக்கும். சுமை இல்லாத இடத்தில் பலன் தெரியாமல் போவதில் வியப்பில்லை. ஆகவே யாருக்கு என்று தேடிப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

மலேசியாவுக்கு வரும் வெளிநாட்டுத் தொழிலாளியின் கட்டாய மருத்துவப் பரிசோதனையில் இரத்தமும் சிறுநீரும் நெஞ்சு எக்ஸ்ரேயும் பார்க்கிறார்கள். மலம் பார்ப்பதில்லை. அதைச் சேர்த்து, புழு உள்ளவருக்கு அங்கேயே மாத்திரை கொடுத்து, அதைக் காரணம் காட்டி யாரையும் திருப்பி அனுப்பாமல் இருக்க வேண்டும். அதோடு நிறுத்தினால் மண்டபம் முகாமின் தவற்றை நாமே மறுபடி செய்தவர்கள் ஆவோம். குடியிருப்புத் தரச்சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் தோட்டத்துக்கு வெளியேயும் எல்லாத் துறைக்கும் விரிந்திருக்கிறது. குடியிருப்புக்குத் தொழிலாளர் துறையின் சான்றிதழ் வேண்டும். கெடாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் அந்தச் சான்றிதழைச் சோதிக்கப் போகும் அதிகாரி, எத்தனை பேருக்கு எத்தனை கக்கூஸ், அவை இரவில் விளக்கோடு இருக்கின்றனவா, காட்டுக்குள் வேலை செய்கிற இடத்தில் ஒதுங்க வழி உண்டா என்று பார்த்து எழுத வேண்டும். இல்லாத இடத்தில் அபராதம் போட வேண்டும். 1983-இல் நின்ற பள்ளித் திட்டத்தைப் பூர்வகுடிக் கிராமப் பள்ளிகளில் முதலில் திறக்க வேண்டும். மாத்திரையோடு கழிப்பறையும் குழாயும் அதே ஆண்டு வரவுசெலவில் இருக்க வேண்டும். இவற்றைக் கேட்கும் முதல் குரல் நம் சங்கங்களிலிருந்தும் நம் சட்டமன்ற உறுப்பினர்களிடமிருந்தும் வர வேண்டும். அந்த லயங்களில் இன்று படுத்திருப்பவர்களுக்கு இந்த நாட்டில் ஓட்டு கிடையாது.